துருவும் ஒட்டும்: பன்வில மலைப்பகுதியின் பழைய கார்களும் பழுதுபார்ப்புத் தொழிலின் வரலாறும்

முன்னுரை

இலங்கைப் பெருந்தோட்டங்களின் வரலாறு இதுவரை நிலம், கூலி, குடியுரிமை ஆகிய மூன்றையும் மையமாகக் கொண்டே பெரிதும் எழுதப்பட்டு வந்துள்ளது. இம்மூன்றுமே மலையக மக்களின் வாழ்வைத் தீர்மானித்தமையால் அது நியாயமானதே. ஆயினும் தோட்டங்களைச் சூழ்ந்து வளர்ந்த சிறு தொழில்கள், சிறப்பாக இயந்திரங்களையும் ஊர்திகளையும் பழுதுபார்க்குந் தொழில், ஆய்வாளரின் கவனத்தை உரிய அளவிற் பெறவில்லை. இதற்குக் காரணம் தேடுவது கடினமன்று. தோட்டக் கம்பனிகள் கணக்கேடுகளையும் கடிதங்களையும் விட்டுச்சென்றன. துரைமார் நினைவுக் குறிப்புகள் எழுதினர். சுத்தியலும் தகரமும் கொண்டு வேலை செய்தவர்கள் எழுத்தாவணம் எதனையும் விட்டுச்செல்லவில்லை. அவர்கள் விட்டுச்சென்றது அவர்களது கைபட்ட பொருள்களை மட்டுமே.

அத்தகைய பொருள்களுள் ஒன்றான பழைய ஸ்போட்ஸ் காரை ஆதாரமாகக் கொண்டு, கண்டி மாவட்டத்தின் பன்வில, மடுல்கலைப் பகுதிகளைப் பின்னணியாக வைத்து, பழுதுபார்ப்புத் தொழிலின் வரலாற்றை ஓரளவு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். செல்வர்களின் விளையாட்டுப் பொருளொன்றை ஆராய்வதால் சமூக வரலாற்றுக்கு என்ன பயன் என்னும் வினா எழலாம். காரைச் செலுத்தியவர் வரலாறு வேறு. அக்காரின் உடலிற் படிந்துள்ள உழைப்பின் வரலாறு வேறு. துருவேறிய தகட்டின்மீது ஒன்றன்மேல் ஒன்றாக இடப்பட்ட ஒட்டுகள், எந்த ஆண்டுகளில், எத்தகைய பொருளாதார நெருக்கடியில், யார் கையால் அவ்வேலை நிகழ்ந்தது என்பதற்குச் சான்று பகர்வன. இன்று அக்கார்களைப் புதுக்குவோர் அவ்வொட்டுகளை ‘மோசமான வேலை’ என்று வெட்டி எறிகின்றனர். அவற்றுள் எறியத்தக்கது எது, மதிக்கத்தக்கது எது என்பதே ஈண்டு எழுப்பப்படும் வினா.

மலைநாட்டில் இயந்திரத் தொழிலின் தோற்றம்

வத்தேகமையிலிருந்து மலையேறும் வீதி பன்வில நகரைக் கடந்து மடுல்கலை, கெலபொக்க முதலிய தோட்டப் பகுதிகளை அடைகின்றது. நக்கிள்ஸ் எனப்படும் தும்பறை மலைத்தொடரின் மேற்குச் சரிவிலமைந்த இப்பிரதேசம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே கோப்பிப் பயிர்ச்செய்கைக்கு உட்பட்டது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் காடழித்தனர், கோப்பி நட்டனர், அதனை வெளியே கொண்டுசெல்ல வீதி வெட்டினர்.

கோப்பிப் பழத்தின் தோலுரிக்கும் இயந்திரத்தோடுதான் கண்டிப் பிரதேசத்தின் நவீன பொறித்தொழில் தோன்றிற்று எனலாம். ஜோன் வோக்கர் என்னும் ஸ்கொத்லாந்துப் பொறியியலாளர் 1854 ஆம் ஆண்டிற் கண்டியில் நிறுவிய தொழிலகம் இவ்வியந்திரங்களை ஆக்கியும் திருத்தியும் வந்தது. பின்னர் வோக்கர் சன்ஸ் எனப் பெயர்பெற்ற பெருநிறுவனத்தின் தொடக்கம் அதுவே. 1875 இல் ஹற்றனில் பிரவுண் கம்பனி தோன்றியது. 1867 இற் கண்டிக்கும் 1880 இல் வத்தேகமை வழியாக மாத்தளைக்கும் புகைவண்டிப் பாதை வந்தது. இரும்பும் எந்திரமும் மலைக்கு ஏறும் வழி இவ்வாறு திறக்கப்பட்டது.

1869 இல் மடுல்சீமையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அடுத்த இருபதாண்டுக்குள் கோப்பியை அழித்தது. அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. கோப்பியைவிடத் தேயிலை இயந்திரங்களில் தங்கியிருந்த பயிர். கொழுந்தை அரைக்கும் உருளைகளும் உலர்த்திகளும் அவற்றை இயக்கும் தண்டுகளும் வார்களும் தோட்டந்தோறும் அமைந்தன. ஆகவே ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒரு பிட்டரும் ஒரு கொல்லரும் ஒரு தச்சரும் வேண்டப்பட்டனர். தோட்டத்துச் சமூக அமைப்பில் இவர்கள் கொழுந்து பறிப்போருக்கும் கணக்கப்பிள்ளைக்கும் இடைப்பட்ட ஒரு சிறு படையினராக விளங்கினர். கம்மாளர் மரபில் வந்த தமிழரும், நவந்தன்ன மரபுச் சிங்களவரும், நகரத்து முஸ்லிம் தகர வேலையாளரும் இத்தொழிற்களத்திலே கலந்தனர்.

1902 ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு முதற் கார் வந்தபோது, அதனைத் திருத்தும் கைகள் இவ்வாறு ஏற்கனவே உருவாகியிருந்தன. உலர்த்தியின் தகட்டைத் தட்டி நிமிர்த்திய அதே கொல்லரே காரின் மட்கார்டையும் நிமிர்த்தினார். இத்தொடர்ச்சி பின்னைய வரலாற்றைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது.

துரைமாரின் கார்

இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்திலே தோட்டத்துரைமாரிடையே கார் சாதாரண உடைமையாயிற்று. 1930களில் நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி தொடங்கியது. ஏப்ரல் மாதப் பருவகாலக் கேளிக்கைகளில் அதுவும் ஒன்றாயிற்று. இரண்டு பேர் அமரும் சிறிய, திறந்த, விரைந்து செல்லும் கார் இளந்துரைமாரின் அந்தஸ்துச் சின்னமாகியது.

இவ்வகைக் கார்களிற் பிரசித்தி பெற்றது எம்.ஜி. ஆகும். ஒக்ஸ்போட் நகரிலிருந்த மொரிஸ் கராஜஸ் என்னும் நிறுவனத்தின் முதலெழுத்துகளே அப்பெயர். அதன் உரிமையாளர் வில்லியம் மொரிஸ். காரை உருவாக்கியவர் அவரது முகாமையாளர் சிசில் கிம்பர். 1929 இல் அபிங்டனுக்கு மாறிய அத்தொழிற்சாலை 1980 வரை இயங்கியது.

போருக்குப் பின்னர் கடனில் மூழ்கியிருந்த பிரித்தானியா, டொலரையும் பிற நாணயங்களையும் ஈட்டுவதற்காக ஏற்றுமதியை வற்புறுத்தியது. ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகளுக்கே உருக்கு முன்னுரிமையுடன் வழங்கப்பட்டது. 1945 முதல் 1949 வரை ஆக்கப்பட்ட எம்.ஜி. டி.சி. வகைக் கார்கள் ஏறத்தாழ 10,000; 1955 முதல் 1962 வரை ஆக்கப்பட்ட எம்.ஜி. ஏ வகை 100,000 க்கும் அதிகம். இவற்றுட் பிந்தியதில் மிகப் பெரும்பகுதி கடல்கடந்து சென்றது. எனவே பிரித்தானிய ஸ்போட்ஸ் காரின் வரலாறு பிரித்தானியாவுக்கு வெளியிலேயே பெரிதும் நிகழ்ந்தது.

இக்கார்களின் உடலமைப்பும் ஈண்டு நோக்கற்பாலது. டி.சி. வகையில் உறுதியான இரும்பு அடிச்சட்டத்தின்மேல் ஆஷ் மரத்தாலான கூடு அமைத்து, அதன்மேல் மெல்லிய உருக்குத் தகடு போர்த்தப்பட்டிருந்தது. எம்.ஜி. ஏ வகையிலும் அடிச்சட்டம் தனியாகவே இருந்தது. 1962 இல் வந்த எம்.ஜி. பி வகையில் தனி அடிச்சட்டம் நீக்கப்பட்டு, தகட்டுடலே பாரத்தைத் தாங்கும் கட்டுமானமாயிற்று. இவ்வேறுபாட்டின் விளைவு பெரிது. முன்னைய வகைகளில் உடல் துருப்பிடித்தாற் கார் அழகிழக்கும். பிந்திய வகையில் உடல் துருப்பிடித்தாற் கார் வலுவிழக்கும்.

துருவின் இயல்பு

யாழ்ப்பாணத்திலே கறள் என்றும் மலையகத்திலே துரு என்றும் வழங்கப்படுவது ஒன்றே. இரும்பு, நீரோடும் ஒட்சிசனோடும் சேர்ந்து ஒட்சைட்டாக மாறுகின்றது. அவ்வொட்சைட்டு தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், இரண்டு தகடுகள் பொருந்தும் இணைப்பிலே துரு புகுந்தால் அவற்றைப் பிளந்து தள்ளும். அது நுண்துளை மிகுந்ததாகையால் ஈரத்தை உறிஞ்சித் தேக்கி, அடியிலுள்ள நல்ல இரும்பையும் தொடர்ந்து அரிக்கும்.

தும்பறை மலைத்தொடர் இரு பருவக்காற்றுகளாலும் மழை பெறுவது. ஆண்டொன்றுக்கு 2500 முதல் 5000 மில்லிமீற்றர் வரை அங்கு மழை பெய்கின்றது. மழையற்ற நாட்களிலும் மூடுபனி தகட்டை நனைக்கின்றது. தோட்டத்து வீதியின் செம்மண் சேறு சில்லுகளால் எறியப்பட்டு மட்கார்டின் உட்புறத்திலே அப்பிக் காயாமல் நிற்கும். நிழல் மரங்களின் சருகு, நீர் வடிவதற்கென விடப்பட்ட சிறு துளைகளை அடைக்கும். வெளியே பளபளக்கும் காரின் உள்ளே, கண்ணுக்குப் புலப்படாத பெட்டிப் பகுதிகளில், நீர் தேங்கி நிற்கும். துரு வெளியிலிருந்து உள்ளே செல்வதாகப் பலர் கருதுகின்றனர். பெரும்பாலும் அது உள்ளிருந்தே வெளியே வருகின்றது. வண்ணப்பூச்சின் மேலே ஒரு சிறு கொப்புளம் தோன்றும்போது, அதன் பின்புறம் முன்னரே அரிக்கப்பட்டிருக்கும்.

அதிகம் பாதிக்கப்படும் இடங்கள் சில: கதவுகளுக்குக் கீழே முன்சில்லிலிருந்து பின்சில்லு நோக்கி ஓடும் பெட்டிப் பகுதி, பயணியின் பாதம் படும் தளம், மட்கார்ட் உடலோடு இணையும் விளிம்பு, கதவின் அடிமடிப்பு. டி.சி. போன்ற வகைகளில் மரக்கூடும் உளுத்துப்போகும். ஆஷ் மரம் இலங்கையில் வளர்வதன்று. ஆகவே அதனை மாற்ற வேண்டியபோது உள்ளூர் மரத்தையே தச்சர் பயன்படுத்த நேர்ந்தது. தேயிலைத் தொழிற்சாலைத் தச்சருக்கு அது அந்நியமான வேலையன்று.

இறக்குமதிக் கட்டுப்பாடும் ஒட்டு வேலையும்

துரு இயற்கையின் வினை. ஒட்டு வேலை எவ்வாறு செய்யப்படும் என்பதையோ சமூக நிலைமைகளே தீர்மானித்தன. 1950களின் பிற்பகுதியில் இலங்கையின் ஏற்றுமதிப் பொருள்களின் விலை வீழ்ச்சியடைந்து அந்நியச் செலாவணி இருப்பு விரைந்து குறைந்தது. 1960-61 ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் கடும் இறக்குமதிக் கட்டுப்பாடுகளை விதித்தபோது, மோட்டார்க் கார் இறக்குமதி ஏறத்தாழ நின்றுபோயிற்று. உதிரிப்பாகங்களும் அரிதாயின. 1968 இல் அந்நியச் செலாவணி உரித்துச் சான்றிதழ் முறை நடைமுறைக்கு வந்தபோது, அத்தியாவசியமல்லாத இறக்குமதிகள் மேலும் விலையுயர்ந்தன. 1977 இன் பிற்பகுதியிற் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை இந்நிலை நீடித்தது.

சுமார் பதினாறு ஆண்டுகள் நாடு தன்னிடம் இருந்த கார்களைக் கொண்டே காலங்கழித்தது. மொரிஸ் மைனர், ஒஸ்ரின், ஹில்மன் முதலிய சாதாரணக் கார்கள் வாடகை வண்டிகளாகவும் குடும்ப வண்டிகளாகவும் மீண்டும் மீண்டும் திருத்தப்பட்டன. ஸ்போட்ஸ் கார்களின் கதியும் அதுவே. நாடு திரும்பிய ஐரோப்பியத் துரைமார் தம் கார்களை விற்றனர். அவை உள்நாட்டுத் துரைமார், வழக்கறிஞர், கடை முதலாளிமார் எனக் கைமாறின. 1972 இலும் 1975 இலும் நிறைவேறிய காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. கார் வைத்திருந்த வர்க்கத்தின் அமைப்பும் அதனோடு மாறியது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் காருக்கு ஓர் ஒட்டு கூடியது.

ஒட்டுக்குரிய தகடு எங்கிருந்து வந்தது? கடையில் உரிய தகடு கிடைக்காதபோது தார்ப் பீப்பாயையும் எண்ணெய்ப் பீப்பாயையும் வெட்டி விரித்தனர். நாகம் பூசிய கூரைத் தகரத்தைத் தட்டி மட்டமாக்கினர். காபைட்டில் நீரூற்றி உண்டாக்கிய அசற்றிலீன் வாயுவே பல சிறு கராஜ்களில் ஒட்டுவதற்குரிய தீயாயிற்று. ஒட்டமுடியாத இடத்தில் தறையாணி அடித்தனர். பின்னாளிற் கண்ணாடியிழையும் பொலியெஸ்டர் பட்டியும் வந்தபோது அவையும் சேர்ந்தன.

இக்கார்களின் இலக்கத் தகடுகூட ஒரு வரலாற்று ஆவணமே. 1957 முதல் ஊர்திகளின் இலக்கத் தகட்டிற் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து கட்டாயமாக்கப்பட்டது. 1958 இன் தொடக்கத்தில் தமிழ்ப் பகுதிகளில் அவ்வெழுத்துக்குத் தார் பூசி எதிர்ப்புத் தெரிவிக்கப்பட்டது. தெற்கிலே தமிழெழுத்துகளுக்குத் தார் பூசப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் வெடித்த இனக்கலவரத்துக்கு முன்னோடியாக அமைந்த நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று. காரின் தகட்டிலே துரு மாத்திரம் படியவில்லை என்பதற்கு இது சான்று.

மூவகை ஒட்டுகள்

இக்காலத்து ஒட்டு வேலைகளை ஒரே அளவுகோலால் அளப்பது தவறு. அவற்றை மூவகையாகப் பிரித்து நோக்குதல் பொருத்தமானது.

முதலாவது, மறைப்பு ஒட்டு. துருவை அகற்றாமல், ஓட்டையிலே காகிதத்தையோ கம்பிவலையையோ திணித்து, மேலே பட்டி பூசி, வண்ணமடித்து விற்பனைக்கு நிறுத்துவது. இவ்வொட்டினுள் ஈரம் தங்கும். துரு முன்னிலும் விரைவாகப் பரவும். பாரம் தாங்கும் தகட்டுடலைக் கொண்ட காரிலே இது உயிருக்கும் ஆபத்தானது. இதற்காகத் திருத்தியவரை மட்டும் குறைகூறுவது பொருந்தாது. பெரும்பாலும் விற்பவரின் கட்டளையும் தரகரின் அவசரமும் அதற்குப் பின்னால் நின்றன. கூலி வாங்கியவர் ஒருவர். இலாபம் பெற்றவர் வேறொருவர்.

இரண்டாவது, தாங்கல் ஒட்டு. வண்டி மேலும் சில ஆண்டுகள் ஓடவேண்டும் என்னும் நேர்மையான நோக்கோடு, கிடைத்த தகட்டைக் கொண்டு வலுவூட்டுவது. பீப்பாய்த் தகடு காரின் மூலத்தகட்டைவிடத் தடிப்பாயிருக்கலாம். கோடு நேராக இராதிருக்கலாம். ஆயினும் அது தன் கடமையைச் செய்தது. தட்டுப்பாட்டுக் காலத்தின் நியாயத்தை அறியாமல் இதனைப் பழிப்பது வரலாற்றுணர்வற்ற செயலாகும்.

மூன்றாவது, ஆக்க ஒட்டு. இல்லாத உறுப்பைக் கையாலேயே புதிதாக ஆக்கிப் பொருத்துவது. மணல் மூட்டையின்மேலும் மரக்கட்டையின்மேலும் தகட்டை வைத்துத் தட்டி, வளைவை வளைவோடு ஒப்பிட்டு, வரைபடமோ அச்சோ இன்றி ஒரு மட்கார்டை உருவாக்கும் ஆற்றல் எளிதிற் கைவருவதன்று. அபிங்டன் தொழிற்சாலையிலே உடல்களைப் பொருத்திய தொழிலாளிக்கு, பேரழுத்தப் பொறிகள் அச்சிட்ட தகடுகளே வந்து சேர்ந்தன. மலைநாட்டுக் கராஜில் வேலை செய்தவர் அப்பொறியின் வேலையையும் தம் கையாலேயே செய்தார். இந்த மூன்றாவது வகை ஒட்டு, மூலத்தகட்டுக்குச் சமமான கைவினை என்றே கொள்ளப்படல் வேண்டும்.

தொழிலாளரின் நிலை

இலங்கையில் இத்தொழிலுக்கு டிங்கரிங் என்று பெயர். தலைமைத் தொழிலாளி பாஸ் எனப்படுவார். இச்சொல் ஒல்லாந்த மொழியிலிருந்து வந்தது. அவரிடம் தொழில் பழகும் சிறுவன் சிங்களத்திற் கோலயா எனப்படுவான். கருவிகளின் பெயர்களிற் பல ஆங்கிலம். மூன்று காலனித்துவங்களின் பின்னரும் நிலைத்த இக்கலப்பு மொழி, கராஜ் என்பது இனவரம்பைக் கடந்த தொழிற்களமாக இருந்தமையைக் காட்டுகின்றது.

அரசு முறையான தொழிற்பயிற்சியை அளிக்காமலில்லை. 1958 இல் பஸ் போக்குவரத்து தேசியமயமானதைத் தொடர்ந்து, 1959 இல் மேற்கு ஜேர்மனியின் உதவியோடு தொழில்நுட்பப் பயிற்சி நிலையமொன்று நிறுவப்பட்டது. ஆனால் 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழரின் பிள்ளைகளுக்கு அரசாங்க வேலையும் அதற்கு வழிவகுக்கும் பயிற்சியும் எட்டாதனவாகவே இருந்தன. லயத்தை விட்டு வெளியேற விரும்பிய இளைஞனுக்குத் திறந்திருந்த சில வாயில்களுள் நகரத்துக் கராஜும் ஒன்று. அங்கே சான்றிதழ் கேட்கப்படவில்லை. கூலியும் நிச்சயமில்லை, பல ஆண்டுகள் சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்குமே வேலை செய்ய நேர்ந்தது.

உடல்நலக் கேடும் அவனுக்கே உரித்தாயிற்று. நாகம் பூசிய தகட்டைச் சூடாக்கும்போது எழும் புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் உண்டாக்கும். பழைய வண்ணத்திலும் இணைப்புகளை நிரப்பிய உலோகத்திலும் ஈயம் இருந்தது; அதனைத் தேய்க்கும்போது எழும் தூசு நஞ்சு. பட்டியின் தூசு நுரையீரலிற் படியும். முகக்கவசமும் கண்ணாடியும் இன்றியே இவ்வேலைகள் நடைபெற்றன. அழகிய காரின் வரலாற்றைச் சொல்லும் நூல்கள் இதனைச் சொல்வதில்லை.

1964 ஆம் ஆண்டின் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. அதனால் மலையகத்திலிருந்து குடும்பங்கள் தொடர்ந்து வெளியேறின. 1983 ஜூலையிற் கண்டி நகரத்துத் தமிழர் கடைகளும் தாக்கப்பட்டு எரிக்கப்பட்டன. தந்தையிடமிருந்து மகனுக்கும் பாஸிடமிருந்து கோலயாவுக்கும் கைமாறி வந்த தொழிலறிவு இத்தகைய இடப்பெயர்வுகளினாற் சிதறுண்டது. அறிவு எழுத்திலே இல்லாமற் கையிலேயே இருக்கும்போது, அந்தக் கை நீங்கினால் அறிவும் நீங்கிவிடும்.

திருத்தும் முறை

துருவையும் பழைய ஒட்டையும் முறையாகத் திருத்துவது எவ்வாறு என்பதை அறியாமல் மேற்கூறியவற்றின் பெறுமதியை மதிப்பிட முடியாது. முதலிற் செய்யவேண்டியது பரிசோதனை. விரல்மடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென ஒலிக்கும். பட்டி நிரம்பிய இடம் மந்தமாக ஒலிக்கும். காந்தம் தடித்த பட்டியின்மேல் ஒட்டாது. பின்னர் வண்ணத்தைப் படைபடையாக நீக்கினால், கார் எத்தனை முறை நிறம் மாறியது, எங்கெங்கே அடிபட்டது என்பன வெளிப்படும்.

பாரம் தாங்கும் உடலைக் கொண்ட காரிலே கதவின் கீழ்ப்பெட்டியை வெட்டுமுன் உடலைச் சமநிலையில் தாங்கி நிறுத்தவேண்டும். கதவு வாசலின் குறுக்கே இரும்புச் சட்டம் ஒட்டி அளவு மாறாமற் காக்கவேண்டும். இன்றேல் கார் நடுவிலே வளைந்துவிடும். பின்னர் கதவு என்றைக்கும் மூடாது. ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொடவேண்டும். எம்.ஜி. பி வகையில் இப்பெட்டி வெளித்தகடு, நடுத்தகடு, உட்தகடு என மூன்றால் ஆனது. வெளித்தகட்டை மட்டும் மாற்றி நடுத்தகட்டின் துருவை மறைப்பதே மிகப் பொதுவான ஏமாற்று.

வெட்டுவது நல்ல இரும்பு தென்படும் வரை செல்லவேண்டும். பழைய தகட்டின்மேலே புதியதைப் போர்த்தி ஒட்டுவது, இரண்டுக்கும் இடையே ஈரத்துக்கு வீடு கட்டிக் கொடுப்பதாகும். புதிய தகடு விளிம்போடு விளிம்பு பொருந்த அமையவேண்டும். நீளமாக ஒரே மூச்சில் ஒட்டினாற் சூட்டினால் தகடு நெளியும். ஆகவே இடையிட்டு இடையிட்டு ஒட்டி ஆறவிடவேண்டும். நெளிந்த இடத்தைச் சூடாக்கி ஈரத்துணியாற் குளிர்வித்துச் சுருக்கும் வித்தை பழைய பாஸ்மாருக்குக் கைவந்தது. இறுதி ஒட்டுக்கு முன்னர் கதவைப் பொருத்தி இடைவெளியைச் சரிபார்க்கவேண்டும். வேலை முடிந்தபின் துருத்தடைப் பூச்சும், இணைப்புகளிலே அடைப்பும், பெட்டிகளின் உட்புறத்திலே மெழுகும் இடவேண்டும். நீர் வடியும் துளைகள் திறந்திருக்கவேண்டும். பட்டி பாவமன்று. நிமிர்த்தப்பட்ட தகட்டின் மிகச் சிறிய மேடுபள்ளத்தை மட்டமாக்குவதே அதன் கடமை. ஓட்டையை மூடுவது அதன் கடமையன்று.

எதை மீட்பது?

தொழில்முறை இவ்வாறிருக்க, கொள்கை வினாவொன்று எஞ்சுகின்றது. காரைப் பழைய நிலைக்கு மீட்பது என்றால் எந்தப் பழைய நிலைக்கு? அபிங்டனை விட்டுப் புறப்பட்ட நாளுக்கா? அந்த ஒரு நாளையே உண்மை எனக் கொண்டால், அதன் பின்னர் இலங்கையிற் கழிந்த அறுபது, எழுபது ஆண்டுகள் களங்கமாகிவிடும்.

இவ்வினா கட்டடக் கலையில் முன்னரே எழுந்தது. கவிஞரும் கைவினைஞரும் சமவுடைமையாளருமான வில்லியம் மொரிஸ் 1877 இல் இங்கிலாந்திலே பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார். பழைய தேவாலயங்களைச் சுரண்டி, பிற்காலச் சேர்க்கைகளை அழித்து, கற்பனையான ஆதிநிலைக்குத் திருப்பும் போக்கை அவர் எதிர்த்தார். இடைக்காலங்களின் உழைப்பை அழிப்பது வரலாற்றை அழிப்பதாகும் என்பது அவரது நிலைப்பாடு. எம்.ஜி. காருக்குப் பெயர் தந்த மற்றொரு வில்லியம் மொரிஸ் பிறந்ததும் அதே 1877 இலேயே. முன்னவரின் கொள்கை பின்னவரின் பண்டத்துக்கும் பொருந்தும் என்று அன்று எவரும் எண்ணியிருக்கமாட்டார். 1964 ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், ஒரு நினைவுச்சின்னத்துக்கு எல்லாக் காலங்களும் அளித்த பங்களிப்பு மதிக்கப்பட வேண்டுமென்றும், ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்பு வேலை நிற்க வேண்டுமென்றும் வகுத்தது. பழைய ஊர்திகளின் சர்வதேசச் சம்மேளனம் 2012 இல் ஏற்ற டூரின் சாசனம் இதையொத்த நோக்கை ஊர்திகளுக்கும் விரித்தது.

எனினும் கட்டடத்துக்கும் காருக்கும் ஒரு வேறுபாடுண்டு. கார் ஓடவேண்டும், ஓடும்போது உயிர்களைக் காக்கவேண்டும். ஆகவே மறைப்பு ஒட்டுகளையும் வலுவற்ற தாங்கல் ஒட்டுகளையும் அகற்றுவதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆக்க ஒட்டின் நிலை அதுவன்று. கையாலே தட்டி ஆக்கிய நல்ல மட்கார்ட் ஒன்று, வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் அச்சுத் தகட்டுக்காக எறியப்படுமானால், அங்கே மீட்கப்படுவது துரையின் கார். இழக்கப்படுவது தொழிலாளியின் வரலாறு.

இவ்வினா இன்று மேலும் அவசரமாகியுள்ளது. 2020 மார்ச்சில் ஊர்தி இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2022 இல் அந்நியச் செலாவணி நெருக்கடி உச்சத்தை அடைந்தது. தனிப்பட்ட பாவனைக்குரிய ஊர்திகளின் இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளிற் பழைய கார்களுக்கு விலை ஏறியது; 1960களின் அனுபவம் வேறு உருவில் மீண்டது. விலை ஏறும்போது மறைப்பு ஒட்டுக்குத் தூண்டுதல் ஏறும். ‘ஆதிநிலை’ என்ற பெயரில் எல்லாவற்றையும் வெட்டியெறியும் ஆர்வமும் ஏறும்.

முடிவுரை

பன்வில முதலிய மலைப்பகுதிகளின் பழைய கார்களிற் காணப்படும் ஒட்டு வேலைகள், அந்நியச் செலாவணி நெருக்கடி, குடியுரிமை மறுப்பு, நிலவுடைமை மாற்றம் ஆகியவற்றின் கூட்டு விளைவாகும். அவற்றைச் செய்தோரின் திறமையின்மையால் மட்டும் அவற்றை விளக்கமுடியாது. தேயிலைத் தொழிற்சாலையின் கொல்லரிடமிருந்து கராஜ் பாஸ் வரை தொடரும் ஒரு தொழின்மரபு அவற்றிலே பதிந்துள்ளது.

இதிலிருந்து சில நடைமுறைக் கடமைகள் பிறக்கின்றன. திருத்துவோர், வெட்டுமுன் ஒவ்வோர் ஒட்டையும் படம் பிடித்து, பொருளையும் முறையையும் குறித்து வைத்தல் வேண்டும். வெட்டிய துண்டுகளிற் சிறப்பானவற்றைக் காரின் ஆவணங்களோடு பேணுதல் வேண்டும். தாம் அறிந்தவரை, முன்னர் வேலை செய்தவரின் பெயரையும், இன்று வேலை செய்பவரின் பெயரையும் உரிமையாளரின் பெயருக்குப் பக்கத்தில் எழுதுதல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் வரலாற்றுத் துறைகளும் கண்டி, வத்தேகமை, பன்வில வட்டாரங்களில் எஞ்சியுள்ள முதிய டிங்கர் தொழிலாளரின் வாய்மொழியைத் தமிழிலும் சிங்களத்திலும் பதிவு செய்தல் வேண்டும். கட்டுப்பாட்டுக் காலத்திற் சிறுவராகக் கராஜில் நுழைந்தோர் இன்று எழுபது வயதை அண்மித்தோ கடந்தோ உள்ளனர். தகட்டிலுள்ள துருவை நிறுத்த வழியுண்டு. அவர்கள் மறைந்தபின் அவர்களது தொழிலறிவைத் தேடிப் பெற வழியில்லை.